விமானத்தின் மூக்கு எந்தப் பக்கம்

என் தம்பியோடு நான் போட்ட கடைசிச் சண்டை ஒரு பச்சை நிறத்தைப் பற்றியது. உலக யுத்தத்தில் குண்டு போட்ட விமானம் ஒன்றுக்கு அடிக்க வேண்டிய பச்சை. அதற்கு எந்தப் பச்சை அடித்தால் எனக்கென்ன, ஊருக்கென்ன? அவன் விடமாட்டான். என் ஜெராக்ஸ் கடையின் பின்பக்க மேஜையில் பாட்டில் மூடிகளில் விதவிதமாகப் பச்சையைக் கலக்கி வைத்துக்கொண்டு, "அக்கா, எது கரெக்ட்டு?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். வாசலில் ஆதார் கார்டு நகல் எடுக்க ஆள் நிற்கிறது. மெஷினில் பேப்பர் சிக்கிக்கொண்டிருக்கிறது. "எல்லாம் ஒரே கண்றாவிதான், எதையாவது அடிச்சித் தொலையேன்டா" என்று கத்தினேன். "தெரியாதத அடிக்கக் கூடாதுக்கா" என்று சொல்லிவிட்டு, மூடிகளைத் துடைத்து அடுக்கிவிட்டுப் போனான். அந்த வாரமே கடலில் செத்துப்போனான்.

நாங்கள் கடல்காரர்கள். பழவேற்காட்டுக்கு வடக்கே, ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவில் நீளமாக மணல். அதில்தான் எங்கள் குப்பம். நான் கல்யாணமாகி பஜாருக்கு வந்துவிட்டேன். தம்பி அங்கேயே இருந்தான். கடலுக்கு அடியில் வலை சிக்கும் கல் தரையை நாங்கள் பார் என்போம். எங்கள் குப்பத்துக்கு நேர் கிழக்கே ஒரு பார் இருக்கிறது. அதில் கல் கிடையாது, எல்லாம் இரும்பும் அலுமினியமும். நைனா காலத்திலேயே அதற்குப் பெயர் றெக்கைப் பார். யுத்தத்தில் விழுந்த விமானம் என்பார்கள். யாருடையது, எங்கிருந்து வந்தது, உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள், ஒன்றும் தெரியாது.

அங்கே வலை மாட்டினால் என் தம்பியைத்தான் கூப்பிடுவார்கள். படகில் கம்ப்ரசர் ஓடும். அதன் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்கி, வலையை அவிழ்த்தோ அறுத்தோ விட்டுவிட்டு வருவான். வேண்டாம்டா என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். "ஒண்ணும் ஆவாதுக்கா. அது நம்ம வூடு மாதிரி" என்பான். வீடாம், வீடு!

ஒரு நாள் தண்ணீர் நன்றாகத் தெளிந்திருந்ததாம். ஈரத் தலையோடு கடைக்கு வந்து நின்றான். "அக்கா, நாலு இஞ்சினு, ரெண்டு வாலு. இன்னா ப்ளேனுன்னு பாரு."

பார்த்தேன். நாலு இன்ஜின், ரெட்டை வால் என்று தேடினால் முக்கியமாக இரண்டு பெயர்கள் வந்தன. லங்காஸ்டர், லிபரேட்டர். படங்களைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ஒன்றில் இன்ஜின் முன்னால் நீளமாகக் கூம்பியிருந்தது, மற்றதில் வட்டமாக, சின்ன அண்டா வாய் போல. "வட்டமா நீட்டமான்னு போய்ப் பாத்துட்டு வா" என்று கிண்டலுக்குச் சொன்னேன். நிஜமாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். கையால் தடவிப் பார்த்தானாம். "வட்டம்தான்கா. றெக்கை உடம்பு நடுவுல இல்ல, முதுகுல கீது." அப்படியென்றால் லிபரேட்டர். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, வலை நிறைய வஞ்சிரம் விழுந்தால்கூட அப்படிச் சிரித்ததில்லை.

அதற்குப் பிறகு என் கடை கடையாகவே இல்லை. அந்த விமானத்தின் பிளாஸ்டிக் மாடலைக் கூரியரில் வரவழைத்தான். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. பெட்டியைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் நண்டுக் கால் போலத் துண்டு துண்டாக என்னென்னவோ. கடலில் காற்று அடிக்கும் நாட்களில் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவான். பாதி வேலை எனக்கு. "அக்கா, குண்டு போடற கதவு எப்பிடித் தொறக்கும்னு பாரு." பார்த்தால், என் கடை ஷட்டர் போலவே பக்கவாட்டில் சுருண்டு மேலே ஏறும் கதவு. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மாலையில் கடையை அடைக்கும்போதெல்லாம், "குண்டு போட்டாச்சா?" என்று கேட்பான்.

றெக்கையில் வட்டச் சின்னம் ஒன்று வரும். ஐரோப்பாவில் பறந்த விமானங்களில் அதன் நடுவில் சிவப்பு இருந்தது. இந்தப் பக்கம் பறந்த இங்கிலீஷ்கார விமானங்களில் சிவப்பை எடுத்துவிட்டார்கள் என்று படித்துச் சொன்னேன். ஜப்பான்காரன் விமானத்தில் சிவப்பு உருண்டை இருக்குமாம். தூரத்தில் சிவப்பைப் பார்த்தால் சொந்த ஆளே சுட்டுவிடுவான் என்று பயம். தம்பிக்கு அது உடனே புரிந்தது. "நம்ம ஏரியில ஆந்திராகாரன் படகு எது, நம்ம படகு எதுன்னு தெரிலன்னா கல்லு வுடுவானுங்கல்ல, அதே கததான்." ஆனால் சின்னத்தை ஒட்டவில்லை. நம் விமானம் இங்கிலீஷ்காரனுடையதா அமெரிக்காகாரனுடையதா என்று தெரியாதே! தெரிகிறவரை அந்த இடம் வெறுமையாக இருக்கட்டும் என்றான்.

பறக்கிற மாதிரி செய்ய அவனுக்கு இஷ்டமில்லை. கடலடியில் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே வேண்டும். ஒரு பலகையில் பசை தடவி மணல் ஒட்டினான். ஒரு ஓரத்தில் 'கரை' என்றும் எதிர் ஓரத்தில் 'கடல்' என்றும் எழுதினான். "வாடைப் பக்கத்து றெக்கை இல்லக்கா, ஒடஞ்சி தனியா கெடக்குது. அத அறுக்கணும்" என்றான். வாடை என்றால் எங்களுக்கு வடக்கு, காற்றை வைத்துத்தான் திசை சொல்வோம். அறுப்பதற்கு முன்னால் பச்சைச் சண்டை வந்தது.

றெக்கைப் பாரில் மாட்டிய வலையை எடுக்கக் காலையில் இறங்கியிருக்கிறான். குழாய் மட்டும் மேலே வந்தது. பக்கத்துக் குப்பத்தில் முங்குகிறவன் ஒருவனை ஓடிப்போய் அழைத்து வந்திருக்கிறார்கள், அவன்தான் எடுத்து வந்தான். கரையில் கிடத்தியிருந்தபோது படகில் இருந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கரைப் பக்க முனையிலதான்கா எறங்கினான். எறங்கின எடத்துலயே போய்ட்டான். ஒரே மூச்சு. அவனுக்கே தெரிஞ்சிருக்காது" என்றார்கள். எடுத்து வந்தவன் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். கேட்டதற்கு, "வாலாண்ட கெடந்தான்" என்று மட்டும் சொன்னான்.

தம்பி பெண்சாதி கடல்கார வீட்டுப் பெண் இல்லை. திருப்பாலைவனத்தில் நெல் விளைகிற வீட்டிலிருந்து இவனை நம்பி வந்தவள். படகில் ஏறினால் தலை சுற்றும். அவன் போன பிறகு முதல் மாதம் அவளைத் தனியாக விடவே பயந்தோம். சோறு இறங்கவில்லை. தூங்கினால் அவன் மூச்சுக்குத் தவிப்பது போலக் கனவு வருகிறது என்பாள். "கஷ்டப்பட்டிருப்பாரா அண்ணி?" என்று கேட்பாள். "இல்லம்மா. எறங்கின எடத்துலயே. ஒரே மூச்சு" என்பேன். அதைக் கேட்ட பிறகுதான் ஒரு வாய் சாப்பிடுவாள். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் அவளை நடமாட வைத்தோம். அவள் பிறந்த வீட்டார் கூப்பிட்டும் போகாமல் அவன் வீட்டிலேயே இருந்தாள்.

வருஷப் படையல் நெருங்கியபோது அவள் கடைக்கு வந்தாள். மேஜையில் துணி போட்டு மூடியிருந்த மாடலைக் காட்டி, "அத முடிச்சிக் குடுங்க அண்ணி. படையல்ல வெக்கணும்" என்றாள். எனக்கு அதைத் திறந்து பார்க்கவே தைரியம் வந்ததில்லை. அவள் கேட்டால் எப்படி மாட்டேன் என்பது?

முடிக்க உட்கார்ந்தேன். அவன் துடைத்துவைத்த மூடிகளில் விளிம்போரம் காய்ந்து ஒட்டியிருந்த பச்சைகளைப் பார்த்துக்கொண்டே அரைநாள் அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு அவன் செய்வதைப் போலவே செய்தேன். பழைய படங்கள், வெளிநாட்டில் இதே வேலையாகத் திரிகிறவர்கள் போடும் சண்டைகள், எல்லாவற்றையும் படித்தேன். அந்தப் பச்சை வெயிலில் கிடந்தால் மண் நிறமாக வெளுக்கும் என்று கண்டுபிடித்தேன். டேய், கிடைச்சிடுச்சிடா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், கடையில் ஆள் இருந்தது. சின்னம் ஒட்டும் இடத்தை மட்டும் அவன் விட்ட மாதிரியே வெறுமையாக விட்டேன்.

வாடைப் பக்கத்து றெக்கையை அறுக்க வேண்டும். விமானத்தைப் பலகையில் வைத்தேன், மூக்கு கடலைப் பார்க்க. அதில் எனக்கு யோசனையே ஓடவில்லை. எங்கள் கரையில் எந்தப் படகும் மூக்கைக் கடலுக்குக் காட்டித்தான் கிடக்கும், மறுநாள் இறக்க வேண்டுமே. பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்க்கிறேன். மூக்கு எந்தப் பக்கம் என்று நான் அவனைக் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. மூக்கு கிழக்கே என்றால் வடக்கில் இருப்பது இடது றெக்கை. இடது றெக்கையை அறுத்தேன்.

அவள் வந்து பார்த்தாள். எந்தப் பக்கம் கரை, எது வால் என்று கேட்டாள். காட்டினேன். வால் கரைப் பக்கம் இருந்தது. "கரைப் பக்கம் எறங்கினாரு, வால்ல கெடந்தாருன்னாங்க. ரெண்டும் ஒரே எடம்தான், இல்ல அண்ணி?" என்றாள். ஆமாம், மாடலில் பார்த்தால் ஒரே இடம்தான். அவள் பெருமூச்சு விட்டு, பல நாளைக்குப் பிறகு என்னிடம் டீ கேட்டு வாங்கிக் குடித்தாள். இந்த அளவுக்கு ஆறுதல் கிடைக்கும் என்றால் இன்னும் பத்து விமானம் செய்யலாம் போலிருந்தது எனக்கு.

பாக்கி இருந்தது றெக்கை நுனி விளக்குகள்தான். இதைச் சொன்னதும் அவள் மறுநாளே முந்தானையில் முடிந்து ஒன்றைக் கொண்டுவந்தாள். பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கண்ணாடி, உப்பேறி மங்கியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் பச்சை. "அவரு எனக்காக எடுத்தாந்தது. சாமி படத்துக்கிட்ட வெச்சிருந்தேன். ஒடஞ்ச றெக்கை நுனியில இருந்துச்சாம். இதே கலர்ல அடிங்க அண்ணி." கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

விளக்கின் நிறத்தைச் சரிபார்க்க மாடல் பெட்டியின் அட்டையில் இருந்த படத்தைப் பார்த்தேன். இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை. படகுக்கும் அதேதான், காட்டுப்பள்ளிக்கு வரும் கப்பலுக்கும் அதேதான், எனக்கு அது தெரியாத விஷயமா? ஆனால் நான் அறுத்திருந்தது இடது றெக்கை. என் கையில் இருந்தது பச்சை.

முதலில் அறுத்தது தப்பாகிவிட்டதே என்றுதான் எரிச்சல் வந்தது. உடைந்தது வலது றெக்கை. சரி, வலது றெக்கை வடக்கே இருக்க வேண்டுமென்றால் விமானம் எப்படிக் கிடக்க வேண்டும்? பலகையில் திருப்பி வைத்தேன். மூக்கு கரைக்கு வந்தது. வால் கடலுக்குப் போனது.

பார்த்துக்கொண்டே நின்றேன். கரைப் பக்கம் இறங்கினான். வாலில் கிடந்தான். இப்போது அது ஒரே இடம் இல்லை. மாடலில் ஒரு சாண் சொச்சம். கடலடியில் இரண்டு படகை முன்னும் பின்னுமாக வைத்த நீளம். ஷட்டரை இழுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அவனை எடுத்து வந்தவன் முங்குவதை விட்டுவிட்டு, காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். வேலை விட்டு வரும் வழியில் டீக்கடையில் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"இன்னாக்கா, இவ்ளோ தூரம்?"

"றெக்கைப் பார்ல அந்த ப்ளேனோட மூக்கு எந்தப் பக்கம் கெடக்குது? கரையப் பாத்தா, கடலப் பாத்தா?"

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. டீ டம்ளரைக் கீழே வைத்தான். "இப்ப எதுக்குக்கா அதெல்லாம்?"

"சொல்லுடா."

"கரையப் பாத்துக்கா."

"அப்ப அவன் மூக்காண்ட எறங்கிருக்கான். நீ வாலாண்டேர்ந்து எடுத்திருக்க." நான் விடவில்லை. விடவே முடியவில்லை. "தண்ணி இஸ்துகினு போயிருக்கலாம்ல? செத்தப்புறம் இஸ்துகினு போயிருக்கும்ல?" கெஞ்சினேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

"அன்னிக்குத் தண்ணி ஓட்டமே இல்லக்கா. அதனாலதான் எறக்கினாங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பைப்பு எப்ப வாயிலேர்ந்து போச்சோ தெரியாது. கத்திய மட்டும் வுடலக்கா அவன். வலைக்குள்ள மாட்டிகினு, மூக்குலேர்ந்து அத அறுத்துகினே வந்துகிறான். வாலாண்டதான் வல முடியுது. அது அவனுக்குத் தெரியும். இன்னும் ரெண்டு கை அறுத்திருந்தா வெளிய வந்திருப்பான்." டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணாண்ட மட்டும் சொல்லிடாதக்கா. நாங்க எல்லாரும் பேசி வெச்சித்தான் ஒரே மூச்சுன்னு சொன்னோம்" என்றான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வாய்விட்டு அழுதேன். அக்கம்பக்கம் பார்க்கவில்லை. கண்டக்டர் என்னிடம் வந்து, டிக்கெட் கேட்காமல் திரும்பிப் போனார். என் தம்பி ஒரே மூச்சில் போகவில்லை. அந்த இருட்டில், வலைக்குள், அவனுக்குத் தெரிந்த விமானத்தைத் தடவித் தடவி, இது இன்ஜின், இது றெக்கை, இது ஷட்டர் கதவு என்று வழி பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான். என் கடை மேஜையில் ஒட்டி ஒட்டிப் பழகிய வழி. பாவி, எவ்வளவு நேரம் தவித்தானோ! எவ்வளவு ஆசை இருந்திருக்கும் வெளியே வர!

மாடலைச் சரிசெய்வது பெரிய காரியம் இல்லை. அறுத்த இடது றெக்கையை ஒட்டி, வலதை அறுத்து, மூக்கைக் கரைக்குத் திருப்ப வேண்டும். அப்படிச் செய்தால் அது றெக்கைப் பாரில் கிடக்கும் விமானம். அதைத்தான் அவன் கேட்டான். தெரியாததை அடிக்கக் கூடாது என்றான், இப்போது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பலகை போகப்போவது அவள் வீட்டுக்கு. தினமும் விளக்கேற்றும்போது அவள் கண்ணெதிரே இருக்கும். ஒரு முனையில் இறங்கினான், மறுமுனையில் கிடந்தான் என்பதை எண்ணிப் பார்க்க அவளுக்குக் கடல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. பலகையில் கரை என்றும் கடல் என்றும் அவனே எழுதி வைத்திருக்கிறான்.

திரும்ப எடுத்து, மூக்கைக் கடல் பக்கம் வைத்தேன். பசை போட்டு அழுத்திப் பிடித்தேன். அறுந்த இடது றெக்கையை வடக்கே மணலில் கிடத்தி, அதன் நுனியில் அவள் கொண்டுவந்த கண்ணாடியின் பச்சையை அப்படியே கலந்து வைத்தேன். முழுசாக நின்ற வலது றெக்கையின் நுனியில் சிவப்பு வைத்தேன். இடது வலது தெரிந்த எவனும் பார்த்த மாத்திரத்தில் சிரிப்பான். இத்தனை மாதம் தேடித் தேடி ஒவ்வொரு ஆணியும் சரியாக இருக்க வேண்டும் என்று செய்த விமானத்தில், தெரிந்தே அத்தனை பெரிய தப்பு. சிவப்பு வழிந்தது, துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். "மன்னிச்சிக்கடா" என்று அவனிடம் சொல்லிக்கொண்டேதான் வைத்தேன். அவன் உயிரோடு இருந்தால் பிடுங்கி எறிந்திருப்பான். உயிரோடு இருந்தால் நான் ஏன் இதைச் செய்யப்போகிறேன்?

படையல் அன்று இறால் தொக்கு, நண்டு, அவனுக்குப் பிடித்த கிரீம் பிஸ்கட், ஒரு குவார்ட்டர் பாட்டில் எல்லாவற்றுக்கும் நடுவில் விமானத்தை வைத்தோம். அவனோடு படகில் இருந்தவர்களில் ஒருவன் குனிந்து பார்த்தான். "அக்கா, இது லைட்டு…" என்று ஆரம்பித்தான். "இன்னா?" என்று முறைத்தேன். அவன் பச்சையைப் பார்த்தான், மூக்கைப் பார்த்தான், கரை என்று எழுதியிருந்ததைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். "ஒண்ணுமில்லக்கா. சூப்பரா கீது" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான்.

எல்லோரும் கும்பிட்டு நகர்ந்த பிறகு அவள் வந்து உட்கார்ந்தாள். கண்ணாடியை றெக்கை நுனிக்குப் பக்கத்தில் வைத்து, "அச்சு அசல் அதே பச்சை அண்ணி" என்றாள். பிறகு ஒரு விரலால் இரண்டு வாலுக்கும் நடுவில் தொட்டாள்.

"இங்கதான எறங்கினாரு?"

"ஆமாம்மா."

"இங்கயே…"

"இங்கயேதான்மா" என்றேன். "ஒரே மூச்சு."